ஜாக்கியின் கறுப்பு வயர்

தூத்துக்குடி,
தை மூன்றாம் தேதி.

அன்பு மகன் மாரிச்செல்வத்துக்கு உன் அம்மா தங்கத்தாய் எழுதுகிறேன். இங்கே எனக்கு நடமாட்டத்துக்குக் குறைவில்லை, சர்க்கரை மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்கிறேன். அங்கே நீயும் செண்பகமும் பேத்தியும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று திருச்செந்தூர் இருக்கிற திசை பார்த்துத் தினமும் கும்பிடுகிறேன். பொங்கல் முடிந்தது. ஒரு ஆளுக்குப் பொங்கல் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வருடம்தான் தெரிந்தது, சின்னப் பானையில் வைத்தாலும் மிஞ்சிவிட்டது, எதிர்வீட்டுக்குக் கொடுத்தது போக மறுநாளும் நானே சாப்பிட்டேன். நீ போனிலேயே பேசலாமே, இந்தக் காலத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் நாம் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாய், அங்கே குளிரா என்பேன், இல்லை வெயில் என்பாய், அப்புறம் சரிம்மா வைக்கட்டுமா என்பாய். இரண்டு தடவை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் உனக்குப் போன் போட்டேன், உன் குரல் கேட்டதும் வாய் வரவில்லை, கத்தரிக்காய் விலையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

விஷயம் மெட்டில்டாவின் கை. ட்ரெய்லரைத் தூக்க நீ வாங்கி அனுப்பிய மோட்டார் ஜாக்கியால்தான் அவள் கை ஒடிந்தது, அதைத் தேர்ந்தெடுத்தது நான்தானே என்று நீ உள்ளுக்குள்ளே வைத்து மருகிக்கொண்டிருக்கிறாய். பொங்கலுக்கு வருவதற்குப் போட்ட டிக்கெட்டை அதனால்தான் ரத்து செய்தாய். லீவு கிடைக்கவில்லை என்று என்னிடம் சொன்னாய், மெட்டில்டா சித்தி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று செண்பகத்திடம் சொல்லியிருக்கிறாய். அவள் என்னிடம் சொல்லிவிட்டாள், அதற்காக அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, புருஷன் சரியாகத் தூங்குவதில்லை என்றால் அவள் வேறு யாரிடம் சொல்லுவாள். படகுச் சாமான் வாங்க வருகிறவர்களுக்கு இதை வாங்குங்கள் அதை வாங்குங்கள் என்று சொல்லுகிற வேலையே இனி வேண்டாம் என்று கேட்டு ஸ்டோர் ரூமுக்கு மாறிக்கொண்டாயாமே. மாரி, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தவள் நான். இந்த வரியை மட்டும் எழுதி அனுப்பினால் அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தள்ளிவிடுவாய், அதனால் உனக்குத் தெரிந்தது தெரியாதது எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

அவள் புருஷன் எஸ்றா சங்கு குளிப்பதை விட்டது உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு காதும் போய்க்கொண்டிருக்கிறது, இனி தண்ணீருக்குள் இறங்கினால் சுத்தமாகப் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டான். அப்புறம் ஒரு பழைய டிராக்டரை வாங்கி, வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற நம் செந்தூர்வேலிடம் ஒரு ட்ரெய்லர் அடித்து, திரேஸ்புரம் கரையிலிருந்து ஃபைபர் வள்ளங்களை ஏற்றி ரிப்பேர் ஷெட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற வேலையை ஆரம்பித்தான். அவன் டிராக்டரை ஓட்டுவான், மெட்டில்டா கீழே நிற்பாள். ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி டிராக்டர் கொக்கியில் மாட்டுவதற்குக் கையால் சுற்றுகிற ஜாக்கி இருந்ததே, அதைச் சுற்றிச் சுற்றி அவள் தோள்பட்டை வீங்கிப்போனது. மேலே வள்ளமும் இன்ஜினும் ஈர வலையும் இருந்தால் ஒரு ஆள் சுற்றுகிற பாரமா அது. அவள் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. போன வருடம் வீடியோவில் பேசும்போது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததை நீயாகத்தான் பார்த்து, நான் வேலை பார்க்கிற கடையில் மோட்டார் ஜாக்கி இருக்கிறது சித்தி, சுவிட்சை அழுத்தினால் போதும், அனுப்புகிறேன் என்றாய். உன் அப்பா இறந்த வருடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு உன்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய், நீ எழுதி முடிக்கிற வரை பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் அவள். நான் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாத நாட்கள் அவை. அதை மனதில் வைத்துத்தான் நீ அனுப்பினாய், எனக்கும் பெருமையாக இருந்தது.

நீ ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கவில்லை. முன்பக்கத்தில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று தெரிய வேண்டும் என்றாய், அதற்காக உப்பு லாரிகளை எடை போடுகிற எடைமேடைக்கு ட்ரெய்லரை வள்ளத்தோடு இழுத்துக்கொண்டு போய், ஜாக்கி கால் மட்டும் மேடைமேல் நிற்கிற மாதிரி நிறுத்திப் பார்த்தோம். அங்கே இருந்த ஆள், என்னக்கா வள்ளத்துக்கு மூக்க மட்டும் நிறுக்குதிய, என்று சிரித்தான். நானூற்றுச் சொச்சம் கிலோ காட்டியது. நீ அதற்கு மூன்று மடங்கு தாங்குகிற ஜாக்கியாகப் பார்த்தாய். மணலில் கால் புதையும் என்று அகலமான பாதத்தட்டும் சேர்த்து அனுப்பினாய், தண்ணீர் புகாத சுவிட்ச் உள்ளதாகப் பார்த்தாய், கரண்ட் இல்லாவிட்டால் மேலே கைப்பிடி செருகிச் சுற்றுகிற வசதி உள்ளதாகவும் பார்த்தாய். டிராக்டரைக் கழற்றிய பிறகுதான் ஜாக்கி வேலை செய்ய வேண்டும், அதனால் ட்ரெய்லரிலேயே தனியாக ஒரு பேட்டரி வையுங்கள், உப்புத்தண்ணீர் எட்டாத உயரத்தில் பெட்டி அடித்து வையுங்கள் என்றாய். இத்தனையும் யோசித்தவன் நீ. தாளில் படமும் போட்டு அனுப்பினாய். சிவப்பு வயர் ஃபியூஸ் வழியாக பேட்டரிக்கு. கறுப்பு வயரும் பேட்டரிக்கு. கறுப்பை ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தில் முடுக்கக் கூடாது, பேட்டரி வரைக்கும் தனியாக இழுக்க வேண்டும் என்று படத்துக்குக் கீழே கோடு போட்டு எழுதியிருந்தாய். போனிலும் ஒரு தடவை சொன்னாய். சரி சரி என்றேன்.

நான் அப்படிச் செய்யவில்லை. உன் அப்பா முப்பது வருடம் உப்பு லாரிகளுக்கு வயரிங் போட்டவர். கறுப்பு எர்த் வயர் எப்போதும் சேசிஸ் சட்டத்தில்தான், இரும்பு முழுக்க எர்த்துதானே, பிறகெதற்கு இன்னொரு வயர் என்பார். அவர் போன பிறகு வயரிங் கடையை மூடாமல் நான் உட்கார்ந்தபோது, பொம்பிளைக்கு என்ன தெரியும் என்று ஊரே பேசியது, அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் நான் நின்றேன், நான் வயரிங் போட்ட லாரி ஒன்றுகூட இந்தப் பன்னிரண்டு வருடத்தில் வழியில் நின்றதில்லை. அந்தக் கொழுப்பு எனக்கு. உன் படத்தைப் பார்த்ததும் பெற்றவளுக்கே பாடம் எடுக்கிறானே என்று ஒரு சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. கறுப்பு வயரை ஒரு முழத்தோடு வெட்டி, பக்கத்திலேயே சட்டத்தில் துளை போட்டு, போல்ட் வைத்து முடுக்கினேன். பேட்டரிப் பக்கமும் அப்படியே சட்டத்தில் இன்னொரு போல்ட். பெயிண்டைக்கூட நன்றாகச் சுரண்டிவிட்டுத்தான் முடுக்கினேன், வேலையில் சோம்பல் இல்லை. ஆனால் உப்பு லாரி உப்பைச் சுமக்குமே தவிரக் கடலுக்குள் இறங்காது. இந்த ட்ரெய்லர் ஒரு நாளைக்கு நாலு தடவை அச்சு முங்கக் கடலுக்குள் போய் வருகிறது. இதை யோசிக்க ஒரு நிமிடம் போதும். நான் யோசிக்கவில்லை. சுவிட்சை அழுத்தியதும் மூக்கு மெதுவாக ஏறியது, மெட்டில்டா கையைத் தட்டிச் சிரித்தாள், வெட்டிய கறுப்பு வயரைச் சுருட்டிக் கடைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. கார்த்திகை மாதம் புயல் சின்னம் என்று துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் கூண்டு ஏற்றினார்கள், கரையில் கிடந்த வள்ளங்களை எல்லாம் உள்ளே கொண்டுபோக எல்லாரும் எஸ்றாவைத்தான் கூப்பிட்டார்கள். மத்தியானத்திலிருந்து ஓய்வில்லாமல் ஓடியிருக்கிறார்கள். ஏழாவது வள்ளத்தை ஏற்றிய பிறகு ஜாக்கி பாதியில் நின்றுவிட்டது. சுவிட்சை அழுத்தினால் டிக் டிக் என்கிறதே தவிர மோட்டார் சுற்றவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது, பின்னால் இன்னும் மூன்று வள்ளம் நிற்கிறது. மெட்டில்டா மேல்மூடியைக் கழற்றிக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற ஆரம்பித்தாள். துடிக்கிற மோட்டாருக்குக் கொஞ்சம் கை கொடுத்தால் கிளம்பிவிடும் என்று நினைத்து எஸ்றா சுவிட்சை அழுத்திக்கொண்டே நின்றிருக்கிறான். கையால் சுற்றுவதற்கு முன்னால் ஃபியூஸைக் கழற்ற வேண்டும் என்று உன் தாளில் எழுதியிருந்தது, அந்தத் தாளை நான் அவர்களுக்குப் படித்தே காட்டவில்லை. கைப்பிடி ஒரு மாதிரி அதிர்ந்ததும் மெட்டில்டா, கைய எடுங்க கைய எடுங்க என்று கத்தியிருக்கிறாள். அந்தக் காற்றில் எஸ்றாவுக்கு அது கேட்கவில்லை. அவள் சட்டத்தில் காலை ஊன்றிப் பலமாகச் சுற்றும்போது எங்கேயோ தொடுப்பு கிடைத்து மோட்டார் ஒரே வேகத்தில் ஓடியது. கைப்பிடி சுழன்று வந்து அவள் வலது கையில் அடித்தது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் போய்விட்டது. நான் அங்கே இல்லை, ஆனால் பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது நீ போன் செய்தாய். முதலில் சித்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். இரண்டாவதாக, அம்மா எர்த்தை பேட்டரி வரைக்கும் இழுத்துத்தானே போட்டாய் என்று கேட்டாய். ஆமாம் என்றேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை மாரி, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. எஸ்றா எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தான், செந்தூர்வேல் பக்கத்தில் நின்றுகொண்டு, ஃபாரின் சாமான்லாம் நம்ம கடலுக்கு ஒத்துவராதுக்கா, நான் அப்பவே நெனச்சேன், என்று சொல்லிக்கொண்டிருந்தான், அவனையும் நான் மறுத்துப் பேசவில்லை. நீ போனில், அப்போ ஜாக்கியில்தான் கோளாறு, நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மெட்டில்டாவுக்கு உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். கட்டுப் பிரித்த பிறகும் மூன்று விரல் மடங்கவில்லை, தினமும் பயிற்சிக்குப் போகிறாள், முழுக்கச் சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை. டிசம்பரில் அவர்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. ஒரு நாள் காலையில் போனபோது எஸ்றா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான், மூன்று கால் பின்னல் வராமல் கயிறு திரிக்கிற மாதிரி இரண்டு பிரியாக முறுக்கிக்கொண்டிருந்தான், அவள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவன் டிராக்டரில் ஏறுவதே இல்லை. நாந்தான் அவ கைய ஒடிச்சேன் மைனி, அவ கத்துனது எங் காதுல விழல, என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். நானும் கேட்டுக்கொண்டு, விடு எஸ்றா, விடு, என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அங்கே நீ உன்னைப் போட்டு அடித்துக்கொள்கிறாய், இங்கே இவன் தன்னைப் போட்டு அடித்துக்கொள்கிறான், நடுவில் நான் கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெற்றவள் இருந்தால் என் முகத்தில் துப்பியிருப்பாள்.

அதுவரைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். மார்கழி இருபதாம் தேதி வாக்கில் அவர்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போன நேரமாகப் பார்த்து மீட்டரையும் ஸ்பானரையும் பையில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். ட்ரெய்லர் அப்படியே நின்றது, ஜாக்கியின்மேல் சாக்கைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தான் எஸ்றா. பேட்டரியில் வோல்டேஜ் முழுசாக இருந்தது. சுவிட்சை அழுத்தினால் ஜாக்கிக்குப் போய்ச் சேருகிறபோது அதில் கால்வாசி கூட இல்லை. கொண்டுபோயிருந்த கேபிளை எடுத்து ஜாக்கியின் கறுப்பு வயரிலிருந்து நேராக பேட்டரிக்குக் கொடுத்தேன், நீ எழுதியிருந்த மாதிரி. அழுத்தியதும் ஒரு தயக்கமும் இல்லாமல் ஏறியது. இறக்கி மறுபடி ஏற்றினேன், எட்டுப் பத்து தடவை. அப்புறம் என் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன், வாஷருக்கு அடியில் உப்பு அரித்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய், விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. அந்த மணலில் உட்கார்ந்து அழுதேன். எழுந்து போல்ட்டை மறுபடி பழையபடியே முடுக்கி, சாக்கைப் போர்த்தி, கயிற்றையும் அவன் கட்டிய மாதிரியே கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முதலில் செய்தது தெரியாமல் செய்தது, உன்னிடம் சொன்னது பயத்தில் சொன்னது, அந்த முடிச்சை நான் முழு நினைவோடு போட்டேன்.

முந்தாநாள் பொங்கலன்று காலையில் பானை பொங்குகிறபோது குலவை போட வாய் வரவில்லை. நீ வந்திருந்தால் மெட்டில்டாவும் வந்திருப்பாள், வருடாவருடம் கிறிஸ்மஸ் பலகாரம் வருகிற அதே தூக்குச்சட்டியில் நான் பொங்கல் போட்டு அனுப்புவேன், இந்த வருடம் தூக்கும் வரவில்லை. பாதி வெந்த பானையை இறக்கி வைத்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் மட்டும்தான் இருந்தாள், ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், படத்தைப் பார்த்துச் சிரித்தது, வயரை வெட்டியது, தாளைப் படித்துக் காட்டாதது, சாக்கைக் கட்டிவிட்டு வந்தது வரைக்கும். அவள் பந்தைக் கீழே வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. இவ்வளவு நாளு மிஷின் மேல கோவப்பட்டுக்கிட்டு கெடந்தேன்க்கா, அது யாருக்கும் வலிக்காதுல்லா, இனிமே நான் யாரு மேல கோவப்படுதது சொல்லு, என்றாள். பந்தை மறுபடி எடுத்துக்கொண்டு, அவுகட்டயும் நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன், என்றாள்.

எஸ்றா வருகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். வந்ததும் கொஞ்சம் கேட்கிற அவன் இடது காதுப் பக்கம் போய் உரக்கச் சொன்னேன், அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும், கேட்கட்டும். எர்த் போட்டதில் தப்பு, அது என் வேலை, ஜாக்கியில் ஒன்றுமில்லை என்றேன். அவனுக்கு முதலில் புரியவில்லை, திரும்பச் சொன்னேன். அவன் என் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போ எங் காதால இல்லியா மைனி, என்று கேட்டான். நான் மெட்டில்டாவைப் பார்த்தேன். அவன் காது கேட்டிருந்தால் அன்றைக்கு சுவிட்சை விட்டிருப்பான் என்பது அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இல்ல, என்று அவள்தான் சொன்னாள், உங்க காதால இல்ல, என்று அவன் காதோரத்தில் குனிந்து இன்னொரு தடவை சொன்னாள். நல்ல கையால் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவன் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான், அவனை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன், அழுது பார்த்ததில்லை. அப்புறம் முகத்தைத் துடைத்துவிட்டு, வயரிங்க வேற ஆள வச்சு மாத்திக்கிடுதேன் மைனி, நீங்க தொட வேண்டாம், என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் ரொம்ப வலித்தது.

நான் செருப்பைப் போடுகிறபோது மெட்டில்டா வாசலுக்கு வந்தாள். மாரிட்ட சொல்லிட்டியாக்கா, என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவள் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரைக்கும் வராத கோபம் அப்போது வந்தது. அந்தப் பய எனக்குப் போன் போட்டு ஏங்கி ஏங்கி அழுதான், நாந்தான் ஒடிஞ்ச கைய வச்சிக்கிட்டு அவனத் தேத்துனேன், நீ பெத்தவ, அவன அழ விட்டுட்டு சும்ம இருந்திருக்க, மொதல்ல எங்கிட்ட ஏன் வந்த, அங்கயில்லா சொல்லியிருக்கணும், என்றாள். கதவைச் சாத்திவிட்டாள். அவள் வீட்டுக் கதவை என் முகத்துக்கு நேரே சாத்தியது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், மூன்று தாள் கிழித்தேன், இது நாலாவது. மன்னித்துவிடு என்று எழுதி எழுதித்தான் கிழித்தேன், அந்த வார்த்தையை உன்னிடம் கேட்க எனக்கு இன்னும் தகுதி வரவில்லை, அதனால் இதில் எழுதவில்லை.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே வா, உன் கடைக்காரரிடம் கேட்டு பழைய வேலையையே வாங்கிக்கொள், சரியான சாமானைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க உனக்குத் தெரியும், உன் அப்பாவை விடவும் என்னை விடவும் நன்றாகத் தெரியும். வருகிறவர்களிடம் கறுப்பு வயரைப் பற்றி இரண்டு தடவை சொல், சரி சரி என்று சொல்கிறவர்களிடம் மூன்று தடவை சொல். நேரத்துக்குத் தூங்கு. செண்பகத்துக்குக் கால் வலி என்றாளே, நின்றுகொண்டே சமைக்க வேண்டாம், ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல். பேத்திக்கு உச்சியில் எண்ணெய் வைத்தால் சளி பிடிக்கும் என்று அங்கே யாரோ சொன்னார்களாமே, பிடிக்காது, வெள்ளிக்கிழமை வைத்துக் குளிப்பாட்டுங்கள். நம் கடையில் லைட்டு ஹாரன் வேலை மட்டும் பார்க்கிறேன், படகு, ட்ரெய்லர் என்று எது வந்தாலும் வேறு கடைக்குப் போகச் சொல்லிவிடுகிறேன். கை நடுங்குகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன், இப்போது நிஜமாகவே கொஞ்சம் நடுங்குகிறது, பயப்படும்படி ஒன்றுமில்லை.

நீயும் உன் பெண்டாட்டி பிள்ளையும் குறைவில்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும், போன இடத்தில் உனக்கு நல்ல பெயர் நிலைக்க வேண்டும், உன் கண்ணில் தூக்கம் இறங்க வேண்டும். இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் எனக்குப் போன் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் மெட்டில்டாவுக்குச் செய். பங்குனியிலாவது லீவு போட்டு வா. நீ வந்தால் அவள் கதவைத் திறப்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பையை வீட்டில் வைத்துவிட்டு நேரே அங்கே போவோம், அவர்கள் தெரு முக்கு வரைக்கும் உன்கூட வருகிறேன். அதற்கு மேல் நீ மட்டும் போ. உட்கார்ந்து சாப்பிடு, அவள் பேசுவதைக் கேள், அவசரப்பட்டு எழுந்து வராதே, எவ்வளவு நேரமானாலும் நான் முக்கிலேயே நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
ஆ. தங்கத்தாய்